இன்னைக்குப் போச்சாப்பா?

எங்கள் வீட்டில் காலைக் காபிக்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. "இன்னைக்குப் போச்சாப்பா?" அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆவடி டேங்க் பாக்டரியில் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தவர், ஷிப்டில் இருந்தவர்களை ஒரு பார்வையில் அடக்கியவர். பெற்ற பெண் இப்படிக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்? ஆனால் கேட்காமல் விட முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போக வேண்டும். போகாத நாளில் அம்மாவும் நானும் எங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டு அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்துவிடுவோம்.

அப்பாவுக்கு சிரோசிஸ், கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய். சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து கொண்டுவந்தது. வாழ்நாளில் குடித்ததில்லை. இதை எழுதும்போதுகூட "குடித்ததில்லை" என்று சேர்க்காமல் இருக்க முடியவில்லை, பாருங்கள். லிவர் என்று வாயெடுத்ததுமே எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு கணக்கு ஓடும். அதற்குள் நான் முந்திக்கொள்வேன். சென்னை நகரத்தில் வயது வந்தவர்களிடம் செய்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் இதை யாரிடம் சொல்லிப் புரியவைப்பது?

அப்பாவிடம் மாற்றம் சத்தமில்லாமல் வந்தது. பகலெல்லாம் தூங்கினார். நடு ராத்திரியில் எழுந்து டிபன் பாக்ஸைத் தேடினார், பாக்டரிச் சங்கு ஊதிவிட்டது என்றார். பென்ஷன் தாளில் கையெழுத்து கோட்டை விட்டு எங்கோ இறங்கியது. அத்தை "வயசாச்சுல்ல" என்றாள். நான் உள்ளுக்குள் அல்சைமர் என்று முடிவு கட்டி, இனி எத்தனை வருஷம் இப்படி என்று மனசுக்குள் எண்ணவும் தொடங்கியிருந்தேன். இதை அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

டாக்டர் இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கச் சொன்னார். விரல்கள் படக் படக்கென்று விழுந்து எழுந்தன. "அமோனியா ஏறியிருக்கும்மா. திரும்பி வந்துடுவார்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நம்ப முடியாமல்தான் நான் படிக்கத் தொடங்கினேன்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் செல்களும் மற்றவையும். அப்படிப் பார்த்துக்கொள்பவற்றில் ஒன்று, நட்சத்திர வடிவில் கிளைவிட்ட ஆஸ்ட்ரோசைட். நியூரான்கள் தமக்குள் பேசிக்கொள்ள குளுட்டமேட் என்ற ரசாயனத்தை விடுகின்றன. அது தேங்கினால் நியூரானையே கொன்றுவிடும். ஜான் ஆல்னி என்பவர் 1969இல், புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு மோனோசோடியம் குளுட்டமேட்டை ஊசியில் போட்டு இதைக் காட்டினார். (நம் தெருமுனை ஃப்ரைட் ரைஸில் விழும் அஜினமோட்டோதான். அவர் போட்ட அளவு வேறு, பயப்பட வேண்டாம்.) தேங்கியதை ஆஸ்ட்ரோசைட் உறிஞ்சி, அமோனியாவோடு சேர்த்துக் குளுட்டமைனாக்கி, நியூரானுக்கே திருப்பித் தந்துவிடும். அதைச் செய்யும் என்சைம் எலி மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுக்குள்தான் இருக்கிறது என்று நோரன்பெர்க், மார்டினெஸ்-ஹெர்னாண்டெஸ் இருவரும் 1979இல் கண்டார்கள்.

கல்லீரல் ஒழுங்காக இருந்தால் குடலில் உண்டாகும் அமோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும். அப்பாவின் உடம்பில் அது சுருங்கிய கல்லீரலைத் தாண்டி நேரே மூளைக்கு ஏறியது. அங்கே ரத்தக் குழாய்களைப் போர்த்தியிருப்பவை ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள். வந்ததை அவை பிடித்துக்கொள்கின்றன. பிடிக்கப் பிடிக்க உள்ளே குளுட்டமைன் சேர்கிறது, அது தண்ணீரை இழுக்கிறது, செல் ஊறிய கொண்டைக்கடலையாக உப்புகிறது. உப்பிய பிறகு வழக்கமான வேலை ஓடாது. மனுஷன் ராத்திரியில் சங்குச் சத்தம் கேட்கிறார். ஆனால் நியூரான்கள் பெரும்பாலும் சாகாமல் இருக்கின்றன. அதனால்தான் டாக்டரால் அப்படிச் சொல்ல முடிந்தது. இந்த உப்பிய செல்களை 1912இல் விவரித்த இருவரில் ஒருவர் அல்சைமர்தான். நான் பயந்த பெயர் வேறொரு வாசல் வழியாக வீட்டுக்குள் வந்திருந்தது.

மருந்து என்று தந்தது ஒரு தித்திப்பு சிரப், லாக்டுலோஸ். குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்கும். அந்த அமிலத்தில் அமோனியா ரத்தத்துக்குள் நுழைய முடியாத உருவத்துக்கு மாறி, மலத்தோடு வெளியே போகும். காலைக் கேள்விக்குக் காரணம் இவ்வளவுதான்.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை. பருப்பு, முட்டை எல்லாம் ஆகாது என்று அத்தை தடை போட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 1893இல் பாவ்லோவ் குழுவினர், கல்லீரலைத் தொடாமல் குடல் ரத்தம் போகும்படி நாய்களுக்கு அறுவை செய்து, இறைச்சி போட்டால் அவை தள்ளாடி மயங்குவதைக் கண்டார்கள். அன்று தொடங்கிப் பல காலம் டாக்டர்களே புரதத்தை நிறுத்தி வைத்தார்கள். இப்போது தலைகீழ்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தரச் சொல்கிறார்கள். தசையும் அமோனியாவை வாங்கி வைத்துக்கொள்ளும், ஆள் இளைத்தால் அதுவும் கைவிட்டுவிடும். அதனால் படுக்கப்போகும் முன்னும் ஏதாவது சாப்பிட வேண்டும். அத்தை இன்னும் நம்பவில்லை. முட்டையைப் பார்த்தால் அடுக்களையிலிருந்து எழுந்து போய்விடுவாள்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் நிறையக் குடித்தவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை. அவர் மனைவி ஒரு ஸ்கூல் நோட்டில் தேதி போட்டு, எத்தனை தடவை போனார் என்று எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் நோட்டில் இருந்த அதே கோடுகள். "உங்க வூட்ல குடிக்க மாட்டாராக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னபோது என் குரலில் வந்த மிதப்பு எனக்கே கேட்டது. இரண்டு கட்டிலிலும் ஒரே அமோனியா, ஒரே வீக்கம். ஆஸ்ட்ரோசைட்டுகள் ஆளின் தகுதி பார்த்து உழைக்கவில்லை. நோட்டில் கோடு போடுவதில் எனக்குப் புரியாத ஒன்றை அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: ராத்திரி போனதை எந்தத் தேதியில் எழுதுவது என்று.

இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு தடவையும் பழையபடி ஆகிவிடும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் தங்கிவிடலாம் என்றார் டாக்டர். ஆகவே சிரப்பை விடக்கூடாது. போன வாரம் பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். அப்பா காலையிலேயே சிரப் வேண்டாம் என்று மல்லுக்கு நின்றார். "பஸ்ல வந்துட்டா எங்க எறங்கறது?" நியாயம்தான். ஆட்டோ பேசினேன். மண்டபத்துக்குப் போன் போட்டு, கீழ்த்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்று கேட்டேன். மேனேஜர் ஏசி ஹாலைப் பற்றியும் பார்க்கிங்கைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். மூன்றாம் முறை கேட்டதும், "இருக்குங்க மேடம், ரெண்டு இருக்கு" என்றார். அப்பா சிரப்பைக் குடித்தார்.