இனி நீதான் பாடப் போகணும்

தேனி,
ஆவணி 20

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

நேற்று ராத்திரி அம்மா போன் பண்ணினாள். ரெண்டு நாளாய் நீ சரியாகச் சாப்பிடவில்லையாம், கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாயாம். காதல் கீதல் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். எனக்குத்தான் விஷயம் தெரியுமே. 'சார் என்னைய ரைடுக்கு மாத்திட்டாருக்கா, கார்னருக்குப் புதுப் பையன்' என்று நீ அனுப்பியதைப் படித்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் நீ பாதியில் விட்டுவிட்டு ரீல்ஸ் பார்க்கப் போய்விடுவாய் என்பதால் பேப்பரை எடுத்தேன். ஸ்கூலில் இன்று மழை, கிரவுண்ட் சகதி, எனக்கும் வேலை இல்லை.

முதலில் ஒன்று. இது உன்னை ஒதுக்கியது இல்லை. உங்கள் கபடி டீமில் ரைடு பாடிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் மூன்றாம் வருஷம் முடித்துப் போய்விட்டார்கள். பிடிக்க ஆள் இருக்கிறது, பாட ஆள் இல்லை. சார் சுற்றிப் பார்த்திருப்பார், காலும் உயரமும் உன்னிடம்தான் இருந்திருக்கும். போன பொங்கலுக்கு சோழவந்தான் பக்கத்தில் நடந்த மின்னொளி கபடியில் கடைசி ஆளாக நீ மட்டும் உள்ளே நின்றபோது, வேறு வழியில்லாமல் பாடப் போய் ரெண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாயே, அதை அவர் மறந்திருக்க மாட்டார். பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் கோபப்படு, நியாயம். இங்கே அவர் உனக்கு வேலை கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் உன் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. சேரலாதன் அண்ணன் படத்தை பீரோக் கதவில் ஒட்டி வைத்து வளர்ந்தவன் நீ. தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர், 1975-ல் பிறந்தவர், 2016-ல் அகமதாபாத்தில் இந்தியா உலகக் கோப்பை ஜெயித்த டீமில் இருந்தார். அதே வருஷம் பாட்னா பைரேட்ஸுக்கு கேப்டனாக இருந்து புரோ கபடிக் கப்பையும் தூக்கினார். நாற்பது தாண்டியும் அதே வலது கார்னர். 'ஒரு இடம், ஒரு வாழ்க்கை' என்று நீ பெருமையாகச் சொல்வாய். அந்தப் படத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு படத்தையும் ஒட்டு என்கிறேன்.

ஈரான்காரன் ஷாட்லூயி. உன் இடம்தான், இடது கார்னர். 2022-ல் பாட்னாவுக்கு ஆடும்போது ஒரே மேட்சில் 16 டேக்கிள் பாயிண்ட் எடுத்தவன். அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதத்தில் அவன் பெயர் வராது. அவன் பாடவும் போகிறான். ஒரு சீசன் புனேயோடு கப், அடுத்த சீசன் ஹரியானாவோடு கப். அவன் ரைடைக் கவனித்துப் பார். பவன் செராவத் மாதிரி பறக்க மாட்டான், துள்ள மாட்டான். நேராக உள்ளே வந்து, கார்னரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். கார்னரின் மனசில் என்ன ஓடும் என்று அவனுக்குத் தெரியும், அதுதான் அவன் சொத்து. மஞ்சித் சில்லரையும் தேடிப் பார். ஆரம்ப சீசன்களில் பாடவும் செய்தார், பிடிக்கவும் செய்தார். 2015-ல் புரோ கபடித் தொடரின் மதிப்புமிக்க வீரர் அவர்தான். பிறகு வயதாக ஆகப் பாடுவதைக் குறைத்துக்கொண்டு பிடிப்பதற்கே திரும்பினார். நம்ம தமிழ் தலைவாஸிலும் ஆடியிருக்கிறார். ஆக இந்தக் கதவு ரெண்டு பக்கமும் திறக்கும்.

நான் பாடினவள், நீ பிடிச்சவன். சின்ன வயதில் களத்துமேட்டில் கோடு கிழித்து நாம் ஆடியது இன்றைக்கு உனக்குப் பயன்படட்டும். நீ என் கணுக்காலைப் பிடிக்கப் பாய்வதற்கு முன்னால் உன் இடது தோள் ஒரு விரல் அளவுக்கு இறங்கும். உனக்கே தெரியாது. அதைப் பார்த்ததும் நான் காலை இழுத்துவிடுவேன், நீ மண்ணைப் பிடிப்பாய், அழுவாய். நல்ல கார்னர் எல்லாருக்கும் இப்படி ஒரு காட்டிக்கொடுக்கிற அசைவு இருக்கும். ஒருத்தன் குதிகாலைத் தூக்குவான், ஒருத்தன் பக்கத்தில் 'இன்' இடத்தில் நிற்கிறவன் கையை விடுவான், ஒருத்தன் மூச்சை அடக்குவான். இதை ரைடர்கள் வருஷக்கணக்கில் உதை வாங்கித்தான் கற்றுக்கொள்கிறோம். உனக்கு உள்ளிருந்தே தெரியும்.

இன்னொன்றும் தெரியும். போனஸ் கோட்டுக்கு ரைடர் ஒரு காலை நீட்டும்போது பின்னங்கால் மொத்த உடம்பையும் தாங்கிக்கொண்டு தரையில் நிற்கும். அந்த நொடியில் அந்தக் கால் செத்த கால், எங்கேயும் நகராது. நீ இவ்வளவு நாளும் அதற்காகத்தான் காத்திருந்தாய். இனி அந்தக் கால் உன்னுடையது. அதனால் முதல் மாதம் போனஸ் ஆசையே வேண்டாம். எதிரில் ஆறு பேரோ ஏழு பேரோ நின்றால்தான் போனஸ் உண்டு, அப்போது உள்ளே கூட்டமும் அதிகம். புதிதாகப் பாட வருகிறவர்கள் எல்லாரும் மாட்டுவது அங்கேதான். தொடுகோட்டைத் தாண்டு, கார்னரை ரெண்டு தடவை ஆட வை, திரும்பி வா. கை டச் தானாக வரும்.

விட வேண்டியது ஒன்று இருக்கிறது, அது கஷ்டம். கார்னருக்குக் காத்திருப்பதுதான் தொழில். எதிரி தப்பு செய்யும்வரை நிற்பான். பாடப் போகிறவனுக்கு 30 செகண்ட்தான், அதற்குள் தப்பை அவன்தான் உண்டாக்க வேண்டும். நீ உள்ளே போய் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாய் என்று எனக்குப் பயம். அதே மாதிரி, கார்னர் பிடித்தால் விடமாட்டான், அவன் பெருமையே அதுதான். ரைடர் விட்டுவிட்டு வரத் தெரிந்தவனாக இருக்கணும். ஒருத்தனைத் தொட்டாயா, திரும்பு. ரெண்டாவது ஆளுக்கு ஆசைப்படாதே. எவனாவது தொடையைப் பிடித்தால் அவனோடு மல்லுக்கட்டி நிற்காதே, உன் பலத்தை அவனிடம் காட்ட வேண்டியதில்லை. நடுக்கோட்டில் ஒரு விரல் நுனி பட்டால் போதும், அவன் அவுட். உடம்பை அந்தக் கோட்டை நோக்கிச் சாய்ப்பதுதான் வேலை.

சும்மா வருவதும் ஒரு வேலைதான் என்று உனக்குப் புரிய நாளாகும். கார்னரில் நின்றபோது ரைடர் வெறுங்கையோடு போனால் நீ தொடையைத் தட்டினாய். இனி நீ வெறுங்கையோடு வரும்போது எதிர்ப் பக்கம் தட்டுவான், உனக்கு ரோஷம் வரும். வரக்கூடாது. மூன்று நிமிஷம் பாக்கி, உன் டீம் நாலு பாயிண்ட் முன்னால் என்றால், நேரத்தைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிற ரைடர்தான் கெட்டிக்காரன். ரெண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவது டூ-ஆர்-டை, அதை யார் பாடுவது என்பதை சார் பார்த்துக்கொள்வார். ஆரம்பத்தில் அதை உன் தலையில் கட்டமாட்டார்.

ஓரத்து லாபி விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. ஆளைத் தொடாமல் அங்கே கால் வைத்தால் நீ அவுட். கார்னராக நீ எத்தனை பேரை அப்படி ஓரம்கட்டித் தள்ளியிருக்கிறாய்! 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? 28-28. பவன் யாரையும் தொடாமலே லாபிக்குள் போனார், பின்னாலேயே ஈரான்காரர்களும் போனார்கள், யாருக்கு எத்தனை பாயிண்ட் என்று சண்டை, ஆட்டம் ரொம்ப நேரம் நின்றுபோனது. கடைசியில் இந்தியா 33-29. நீயும் நானும் அன்றைக்கு போனில் கத்திக்கொண்டே இருந்தோம். ஆசிய தங்கத்துக்கே அந்த ஒரு மீட்டர் பட்டை அவ்வளவு தூரம் தொல்லை கொடுத்தது.

மூச்சு. நம்ம ஊர் மண் கிரவுண்டில் 'கபடி' என்று நாலு தடவை சொல்லிவிட்டு மீதியை முணுமுணுத்தால் யாரும் கேட்பதில்லை. யுனிவர்சிட்டி மேட்சில் அம்பயர் பக்கத்திலேயே வந்து காதைக் கொடுப்பார். நிறுத்தினால் போச்சு. நாகமலை ஓரம் காலையில் ஓடுகிறாயே, அப்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடு. பார்க்கிறவன் சிரித்தால் சிரிக்கட்டும். அடுத்தது கால். மண்ணில் கட்டைவிரலை ஊன்றித் திரும்பினால் மண் விலகிக் கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ ஒட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், கால் திரும்பாது, முட்டி போய்விடும். கார்னராக உனக்கு இது பெரிதாகத் தெரிந்திருக்காது, குட்டி குட்டி அடிதானே வைத்தாய். பாடும்போது ஓட்டத்தில் திரும்ப வேண்டியிருக்கும். முன்பாதத்தில் நின்று திரும்பிப் பழகு.

ஒன்றை யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். ரைடர் அதிகம் வெளியே உட்காருவான். தனியாகப் போய் ஏழு பேருக்கு நடுவில் நிற்கிறவன் அடிக்கடி மாட்டத்தான் செய்வான். மாட்டினால் சைடில் போய் உட்கார்ந்துகொண்டு, உன் டீம் பாயிண்ட் எடுத்து உன்னை உள்ளே கூப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கார்னரில் உனக்கு இந்தப் பழக்கம் குறைவு. அங்கே உட்கார்ந்து தலையைத் தொங்கப் போடாதே, எதிர் கார்னரையே பார். அவன் தோள் எப்போது இறங்குகிறது என்று அங்கேயிருந்து நன்றாகத் தெரியும்.

அமெரிக்காவில் இருக்கிற நம்ம பெரியப்பா மகனிடம் உன் கதையைச் சொன்னேன். அவன் அங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொன்னான். ஸ்வீஸி என்று பெயர். அந்த ஊர் ஃபுட்பால் (காலால் ஆடுவது இல்லை, முட்டி மோதுவது) காலேஜில் தடுப்பு வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவனை 2012-ல் சியாட்டில் டீம் கடைசி ரவுண்டில் எடுத்து, அப்படியே தாக்குதல் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். எதிரியை உடைத்துக்கொண்டு போனவன், இனி உடைக்க வருகிறவனைத் தடுக்கணும். ரெண்டாம் வருஷம் அந்த டீம் சூப்பர் பௌல் ஜெயித்தபோது அவன் முதல் வரிசையில் நின்றான். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு வேறு வழியில்லை, அங்கே தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம், ஒரு பக்கம் ஆடும்போது மற்றவர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். நம்ம ஆட்டத்தில் அப்படி இல்லையே. பாடிவிட்டு வந்த உடனே நீயும் கோட்டுக்குள் நின்று பிடிக்கணும். பிடிப்பதை விட்டுவிட்டாய் என்று யார் சொன்னது?

அந்தப் புதுப் பையனைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட நல்லதாகச் சொல்லவில்லை. கவனி, சார் உன்னை 'லெஃப்ட் இன்'னில்தான் நிறுத்துவார். கார்னருக்கு அடுத்த இடம். எதிரி பாட வரும்போது நீ பிடித்துக்கொண்டு நிற்கப்போகும் கை அந்தப் பையன் கைதான். அவன் பாயும்போது நீ கையை விடுவது ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் ரெண்டு பேரும் அவுட். அவன் ஃபர்ஸ்ட் இயர், கருமாத்தூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ எங்கேயிருந்தோ வந்திருக்கிறான், உன் இடத்தில் நிற்கிறோம் என்ற பயம் அவனுக்கும் இருக்கும். பிராக்டிஸில் அவன் பிடிக்க, நீ பாடு. அவன் எங்கே அவசரப்படுகிறான் என்று சொல்லிக் கொடு, உன் கால் எங்கே சாகிறது என்று அவனைச் சொல்லச் சொல். ஒருத்தனை ஒருத்தன் தேய்த்து ரெண்டு பேரும் கூர்மையாவீர்கள்.

என் ஸ்கூல் கதையையும் கேள். கண்ணகி நகர் கார்த்திகா பஹ்ரைனில் கபடித் தங்கம் வாங்கி வந்ததிலிருந்து இங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் எல்லாரும் கபடிக்கு வருகிறார்கள். எல்லாருக்கும் பாடணும். பையன்கள் 'பைசன்' படம் பார்த்துவிட்டு அதே கதை. அந்தப் படக் கதைக்குக் காரணமான மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள், கார்னரில் நில்லுடா என்றால் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள். நீயோ பாடச் சொன்னதற்குச் சோறு திங்காமல் கிடக்கிறாய். உன்னை இங்கே வரவழைத்துவிட்டு இதுகளில் நாலை அங்கே அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

அப்பா என்னிடமும் கேட்டார், 'இடம் மாறினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எதுவும் பாதகமா?' என்று. ஒரு பாதகமும் இல்லை என்று சொல்லிவிட்டேன். சர்டிஃபிகேட்டில் கார்னர், ரைடர் என்றெல்லாம் போடமாட்டார்கள், எந்த மட்டப் போட்டி, என்ன இடம் என்பதுதான் கணக்கு. செலக்‌ஷனில் பாடவும் பிடிக்கவும் தெரிந்தவனுக்குக் கிராக்கி கூடத்தான். எடையை மட்டும் பார்த்துக்கொள். கார்னரில் நிற்கக் கொஞ்சம் கனம் இருந்தால் நல்லதுதான், பாட அது சுமை. 85 கிலோ வரம்பை ஒட்டி நிற்காதே, நாலைந்து கிலோ இறக்கு. அதற்காகப் பட்டினி கிடக்காதே, ராத்திரி புரோட்டாவை நிறுத்தினாலே பாதி குறையும். அம்மாவிடம் உளுந்தங்களி கேள், கிண்டித் தருவாள், அவளுக்கும் நிம்மதி.

ஷூவுக்கு ரெண்டாயிரம் ஜிபே பண்ணியிருக்கிறேன். விலை குறைவு என்று வழுவழு அடியோடு எதையாவது வாங்கிவிட்டு மிச்சத்தில் ஜிகர்தண்டா குடிக்காதே. முட்டிக்கு நீகேப் தனியாக வாங்கித் தருகிறேன், அளவை மட்டும் அனுப்பு.

சனிக்கிழமை ரேஸ் கோர்ஸில் பிராக்டிஸ் மேட்ச் என்றாயே, யாரையாவது முழுசாக வீடியோ எடுக்கச் சொல்லி அனுப்பு. நீ பாயிண்ட் எடுத்ததை மட்டும் வெட்டி அனுப்பாதே. மாட்டிக்கொண்ட ரைடுகள்தான் எனக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா