சுருள்வில் நீங்கிய சைக்கிள்

கோத்தகிரிக்கும் கோடநாட்டுக்கும் இடையே பரந்துகிடக்கும் தேயிலைத் தோட்டங்களின் மண் தடங்களில் மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த மண்ணின் சுபாவம் விரல்களின் வழியாகவே தெரிந்திருக்கும். மழைநீர் அறுத்துச் சென்ற சிறு வாய்க்கால்களும், சில்வர் ஓக் மரங்களின் வேர்களும், லாரிச் சக்கரங்கள் அரைத்துப் போட்ட ஜல்லியும் அங்கே உண்டு; ஆனால் ஆள் உயரத்திலிருந்து குதித்து இறங்கவேண்டிய பாறைப் படிகள் இல்லை. இத்தகைய பாதைக்கு, எஃகுச் சுருள்வில்லைத் தன் குழலுக்குள் அடக்கி இரண்டரைக் கிலோ எடையோடு முன்சக்கரத்தின்மேல் நிற்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க் அவசியந்தானா என்ற சந்தேகம் எனக்கு வெகுகாலமாக இருந்துவந்தது. அதைக் கழற்றிவிட்டு, அசைவென்பதே இல்லாத கார்பன் ஃபோர்க் ஒன்றைப் பொருத்தி ஓட்டி வருகிற இன்று, அவசியமில்லை என்று துணிந்து சொல்கிறேன்.

மலைச் சைக்கிள் தோன்றிய காலத்தில் அதற்குச் சுருள்வில் இருந்ததில்லை. கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில், ஃபேர்ஃபாக்ஸ் என்னும் ஊருக்கு அருகே, சுமார் 2 மைல் தூரத்துக்குள் 1,300 அடி கீழிறங்கும் ஒரு மண் சாலையில், 1976-ஆம் ஆண்டு முதல் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள் பந்தயம் வைத்து இறங்கினார்கள். பின்சக்கரத்துப் பிரேக் சூடேறி அதனுள்ளிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும் அளவுக்கு உக்கிரமான அந்த இறக்கத்தை அவர்கள் கடந்ததெல்லாம் அசையாத இரும்பு ஃபோர்க்கைப் பற்றிக்கொண்டுதான். 1989-இல் பால் டர்னர் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அமுங்கி எழும் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறு வருஷம் கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில் கிரெக் ஹெர்போல்டு மலையிறக்கப் பந்தயத்தை வென்றது அத்தகைய ஃபோர்க்கைக் கொண்டுதான். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. பெரும் பந்தயங்களுக்கென்று பிறந்த அந்த அங்கம், காலக்கிரமத்தில் விலை மலிந்தும் தரம் தாழ்ந்தும், சமதரையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் சைக்கிளிலும் வந்து அமர்ந்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

எடை குறைவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நல்ல கார்பன் ஃபோர்க் முக்கால் கிலோவுக்குள் அடங்கிவிடும். ஏற்றத்தில் ஒன்றேமுக்கால் கிலோ குறைந்தால் என்ன சுகம் என்பதை மலைவாசிகளுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கவனம் முழுவதையும் செலுத்தவேண்டிய விஷயம் நீளம். முன்சக்கரத்து அச்சின் மையத்திலிருந்து, ஃபோர்க்கின் தோள் சட்டத்தின் கழுத்தைச் சந்திக்கும் இடம் வரையிலுள்ள தூரமே அந்த நீளம். சட்டத்தை வகுத்த நிபுணர், இன்ன நீளமுள்ள ஃபோர்க் இதில் நிற்கும் என்று நிச்சயித்துக்கொண்டே ஹேண்டிலின் சாய்வையும், பெடல் தரையிலிருந்து நிற்கும் உயரத்தையும் கணக்கிட்டிருக்கிறார். அதில் 10 மில்லிமீட்டர் குறைந்தால் சாய்வு ஏறத்தாழ அரை டிகிரி நிமிர்ந்துவிடும். சைக்கிள் சிறு அசைவுக்கும் வெடுக்கென்று திரும்பும். பெடல் தாழ்ந்து கல்லில் இடிக்கும். நீளம் மிகுந்துவிட்டாலோ, செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தரையில் பதியாமல் இங்குமங்கும் அலையும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சுருள்வில் ஃபோர்க், ஆள் ஏறி அமர்ந்த மாத்திரத்திலேயே சற்று அமுங்கி நிற்கும். ஆகையால் வெறுமே நிற்கும் சைக்கிளை அளந்து அதே நீளத்துக்குப் புதியது வாங்கினால், ஓட்டும்போது முன்புறம் பழையதைவிட உயர்ந்து நிற்கும். என்னுடைய பழைய ஃபோர்க், 100 மில்லிமீட்டர் அமுங்கக்கூடியது, ஆளின்றி 505 மில்லிமீட்டர் இருந்தது; நான் ஏறி உட்கார்ந்தபோது 20 மில்லிமீட்டர் தாழ்ந்து 485 ஆயிற்று. ஆகவே 490 மில்லிமீட்டர் நீளமுள்ள கார்பன் ஃபோர்க்கைத் தேர்ந்தெடுத்தேன். கழுத்துக்குழாய் மேலும் கீழும் ஒரே கனமா, கீழே பருத்ததா என்பதையும், சக்கரத்து அச்சின் கனத்தையும், டிஸ்க் பிரேக்கைத் தாங்கும் இடத்தின் அமைப்பையும் முன்கூட்டியே சரிபார்த்தாலன்றி, பொருள் வீடு வந்து சேர்ந்தும் பயன்படாமல் மூலையில் கிடக்கும்.

பொருத்துவதற்குக் கோயம்புத்தூரில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு சைக்கிள் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் பழைய ஃபோர்க்கின் கழுத்திலிருந்த அடிக்கோனைச் சிறிதும் கோணாமல் நெம்பி எடுத்து, புதியதன் கழுத்தில் சுற்றிலும் ஒரே சீராகப் பதியவைத்த லாகவத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர், "ஏனுங்க, குழாய்க்குள்ள நட்சத்திர நட்டு அடிக்கறதில்லைங்களா?" என்று கேட்டார்.

"கார்பன்ல அது பல்லுப் பதிஞ்சா இழை அறுந்துபோகுமுங்க. உள்ளே விரிஞ்சு பிடிக்கிற அடைப்பு ஒண்ணு கூடவே வந்திருக்குது பாருங்க" என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, திருப்தியுற்றவராய், குழாயை அறுக்கும் வேலையில் இறங்கினார். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மையும் அதன் வளையங்களையும் ஏற்றி, மேல் வளையத்தின் விளிம்புக்கு 3 மில்லிமீட்டர் கீழே மெல்லிய கோடு கிழித்து, அந்த இடத்தில் டேப் சுற்றி, நெருங்கிய பற்களுள்ள புது ஹேக்சா பிளேடால், இடையிடையே தண்ணீர் தெளித்து அறுத்தார். கார்பன் தூள் நுரையீரலுக்குத் தீங்கு செய்வதாகையால் இருவரும் முகத்தை மூடிக்கொண்டோம். கரைத்த கண்மை போன்ற கறுப்பு நீர் வைஸின் தாடையிலிருந்து சொட்டியது. வெளி இழைகள் பிளந்து சிலும்பாதிருக்கும்பொருட்டு, பாதி அறுத்தபின் குழாயைத் திருப்பி மறுபுறத்திலிருந்து அறுத்து முடித்தார். கடைசியில் ஸ்டெம்மின் போல்ட்டுகளை அதன்மேல் அச்சிட்டிருந்த 5 நியூட்டன் மீட்டருக்கு மேற்படாமல் முறுக்க நான் கொண்டுபோயிருந்த டார்க் ரெஞ்சை நீட்டினேன். "இத்தன வருசமாக் கை அளவுலதானுங்க முறுக்கறேன்; இதுக்கு மட்டும் உங்க ரெஞ்சு சொல்றபடியே ஆகட்டும்" என்று அவர் சொல்லி, அது 'டக்' என்று ஒலித்த கணத்தில் கையை எடுத்துவிட்டார். தம் தொழிலில் தேர்ந்த ஒருவர் புதியதோர் உலோகமல்லாத பொருளுக்கு அளித்த அந்த மரியாதை என் மனத்தைத் தொட்டது.

இப்போது ஓட்டும் அனுபவத்துக்கு வருகிறேன். பிரேக்கை அழுத்தியதும் முன்புறம் அமுங்கிக் குனிவதும், எழுந்து நின்று மிதிக்கையில் பாதி பலம் சுருளுக்குள் போய் மறைவதும் அடியோடு நீங்கிவிட்டன. திருப்பத்தில் சக்கரத்தை எங்கே வைக்க நினைக்கிறேனோ அங்கேயே அது போய் நிற்கிறது. ஜல்லியின் நுண்ணிய அதிர்வைக் கார்பன் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. வேரையும் வாய்க்காலையும் உறிஞ்சும் சக்தி அதற்கு இல்லை. அந்தப் பணி டயரைச் சேர்ந்தது. ஆகவே டியூப் இல்லாத 2.4 அங்குல அகல டயரை முன்னே பூட்டி, எழுபது கிலோ எடையுள்ள எனக்கு 20 பிஎஸ்ஐ காற்றே போதுமென்று கண்டேன். அகல டயர் புகுவதற்கு ஃபோர்க்கின் கால்களுக்கிடையே தாராளமாக இடமிருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். முழங்கையைத் தளர்த்தி, முன்னே பத்தடி தூரம் பார்த்து, கல்லைத் தவிர்த்துச் செல்வதற்கு உடம்பு தானாகவே பழகிக்கொள்கிறது. மாலையில் மணிக்கட்டு சற்று வலிப்பதும் உண்மை.

பெயர் தெரியாத தயாரிப்பாளரின் மலிவுச் சரக்கைக் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். எஃகு வளைந்து எச்சரிக்கும். கார்பனில் விரிசல் உள்ளடுக்கில் மறைந்திருந்து திடீரென்று முறியக்கூடும். கீழே விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் தோளையும் அச்சுப் பிடிமானத்தையும் பழந்துணியால் துடைத்து, நூல் எங்கேனும் சிக்குகிறதா என்று தடவிப் பார்க்கிறேன். மூட்டை கட்டிக்கொண்டு நெடும்பயணம் போகிறவர்களுக்கு, அரைக் கிலோ கூடினாலும், அசையாத எஃகு ஃபோர்க்கையே சிபாரிசு செய்வேன்.

கழற்றிய பழைய ஃபோர்க்கை, "மாமா, அது எனக்கு வேணும்" என்று என் தங்கை மகன் கேட்டான். அவன் நாள்தோறும் இறங்கும் தடம், பள்ளத்தாக்கின் பக்கமாக, முழங்கால் உயரக் கற்கள் உருண்டு கிடப்பது. அங்கே என் கார்பன் ஃபோர்க்கை நான் ஒருபோதும் கொண்டுபோகமாட்டேன். சீல் வளையத்தை மாற்றி, குழலுக்குள் புது கிரீஸ் தடவி, அவன் சைக்கிளின் கழுத்துக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்த்தபின் கொடுத்துவிட்டேன்.