டச்சு தேசத்தில் ஒரு நாட்றம்பள்ளிக்காரன் – 5: புழு தின்ற இலை

ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைப் பற்றி எழுதியது போதும். ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரிதான். தி ஹேக் நகரத்துக்கு வருவோம்.

வழியில் ஒரு ரயில் நிலையத்தில் அட்டையைக் காட்டிக் காசு கட்டினால்தான் கழிப்பறைக் கதவு திறந்தது. உள்ளே அப்படியொரு சுத்தம். இருந்தாலும் அவசரத்துக்கு வருகிறவரிடம் காசு வாங்குவது முறையல்ல.

மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் குளக்கரையில் இருக்கும் 17-ஆம் நூற்றாண்டு மாளிகை. பிரேசிலில் டச்சு ஆளுநராக இருந்த யோஹான் மவுரிட்ஸ் தனக்காகக் கட்டிக்கொண்டது. வெர்மீர் வரைந்த 'முத்துத் தோட்டுப் பெண்' படத்துக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். வேறொரு அறையில், யாரும் சீந்தாமல் ஒரு பூப்படம் இருந்தது. அங்கேயே நின்றுவிட்டேன்.

அம்ப்ரோசியஸ் போஸ்ஹார்ட் 1618 வாக்கில் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியது. உயரம் 64 செ.மீ.தான். வளைவு வைத்த கல் சன்னல், அதில் ஒரு கண்ணாடிக் குவளை, குவளை நிறைய டுலிப், ரோஜா, ஐரிஸ். பின்னால் நீலம் பாய்ந்த தொலைதூர நிலம். சன்னல் திட்டில் கடல் சிப்பிகள். இலைகளைப் பார்த்தேன், ஓட்டை. புழு தின்ற ஓட்டை!

என் பிழைப்பு தோலைத் தரம் பிரிப்பது. உண்ணிக் கடி, கத்தி வெட்டு, சூட்டுத் தழும்பு என்று குறை தேடியே பழகிய கண். எங்கள் மேசையில் ஒரு ஓட்டை தெரிந்தால் அந்தத் தோல் தரம் இறங்கிவிடும். இந்த மனிதரோ பூவுக்குக் காட்டிய அதே மரியாதையை ஓட்டைக்கும் காட்டியிருக்கிறார். "குறையைக்கூட எப்படிப் பார்த்திருக்கான்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"அண்ணை, தமிழோ? இந்தியாவில எவடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாழ்ப்பாணத்துக்காரர். பக்கத்து வெஸ்ட்லான்ட் பகுதிக் கண்ணாடித் தோட்டங்களில் பூ வேலை செய்கிறவர்.

"வேலூர்ப் பக்கம், நாட்றம்பள்ளி."

"வடிவாப் பாருங்கோ. இந்தப் பூவெல்லாம் ஒண்டா ஒரு நாளும் பூக்காது. டுலிப் ஏப்ரலில. ரோசா ஜூனில. ரோசா வர முந்தி டுலிப் கொட்டுண்டு போடும்."

அப்படியானால் இந்தப் பூச்செண்டு எந்த வீட்டிலும் இருந்ததே இல்லை. அந்தந்தப் பருவத்தில் ஒவ்வொரு பூவாக வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு ஒரே குவளையில் சேர்ப்பது இந்தப் பூ ஓவியர்களின் வழக்கம். போஸ்ஹார்டின் ஒரே பூ வெவ்வேறு படங்களில் திரும்ப வருவது அதனால்தான். அவருடைய மூன்று மகன்களும் மைத்துனர் பல்தசார் வான் டெர் ஆஸ்டும் இதே வேலையைத்தான் செய்தார்கள்.

தீப்பிழம்பு போல வரியோடிய டுலிப்பைக் காட்டி, "அது வருத்தம் அண்ணை, வைரஸ்" என்றார் நண்பர். அசுவினி பரப்பும் நோய் அது. 20-ஆம் நூற்றாண்டில்தான் காரணம் தெரிந்தது. அந்த வரிக்காகவே அன்று பணக்காரர்கள் கிழங்குக்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் விலை சரிந்தது. நோய் விலையை ஏற்றியது என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

வெளியே குளக்கரைப் பெஞ்சில் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். பாதியை எடுத்து என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்றேன், "சும்மா இருங்கோ, சாப்பிடுங்கோ" என்று அதட்டினார். இந்த ஊரின் குளிர்ந்த ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் மத்தியில் அந்தக் குழம்பின் உறைப்பு கண்ணில் நீர் வரவழைத்தது. முன்பின் தெரியாதவனுக்குத் தன் மதியச் சோற்றில் பாதியைக் கொடுக்கிற மனிதரை அதற்குப் பிறகு இந்தப் பயணத்தில் நான் சந்திக்கவில்லை.

"இப்ப இருக்கிற யாழ்ப்பாணக் கோட்டையும் இவையள் கட்டினதுதானே" என்றார். 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். அதற்கும் முன்பே, 1613-ல், நம் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை எழுப்பிவிட்டார்கள். சோழமண்டலக் கரையின் பூப்போட்ட துணிகள் கப்பல் கப்பலாகப் போயின. தூரதேசத்துச் சிப்பிகள் இவர்கள் சன்னல் திட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட கப்பல்களில்தான்.

போஸ்ஹார்ட் 1621-ல் இதே தி ஹேக் நகரத்தில் இறந்தார். ஒரு பூப்படத்தைக் கொடுக்க வந்த இடத்தில். அந்தப் படத்துக்குக் கூலி ஆயிரம் கில்டர்.

நுழைவுச் சீட்டு நம் பணத்தில் அதிகம்தான். ஆனாலும் கொடுங்கள். முத்துத் தோட்டுப் பெண்ணைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல் இந்த இலைகளுக்கும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த வாரம் டெல்ஃப்ட். அதைச் சுருக்கமாகவே எழுதுவேன்.