அனுமதி இல்லை

உயர்தர வகுப்புச் செயற்றிட்டத்துக்காக எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஓர் இணையத்தளம் செய்தேன். நானாவின் பழைய மடிக்கணினியில் உபுந்துவும் அபாச்சி சேவையகமும் இருந்தன. மறுநாள் ஆசிரியைக்குக் காட்ட வேண்டும். இரவு திறந்து பார்த்தால் திரையில் 403. பார்க்க அனுமதி இல்லையாம். நானே எழுதிய பக்கத்துக்கு எனக்கே அனுமதி இல்லையா? அழுகை வந்தது.

"777 போடு, சரியாகும்" என்றாள் தோழி. அந்த மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்றையோருக்கு உரியவை. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. அதாவது எவரும் எதையும் செய்யலாம். தளத்தின் கோப்புறைக்கு அப்படியே போட்டேன். அப்போதும் 403!

நானா பார்த்துச் சிரித்தார். "அறைக் கதவெல்லாம் தொறந்து வெச்சிருக்கீங்க தங்கச்சி, வெளிக்கேட் பூட்டித்தானே இருக்கு."

பக்கத்தைக் கோப்புறையிலிருந்து எடுப்பது நான் அல்ல, அபாச்சி. அது வேறொரு பயனர் பெயரில் இயங்குகிறது. தளம் இருந்ததோ என் ஹோம் கோப்புறைக்குள். அதன் அனுமதி 750; மற்றையோருக்குப் பூச்சியம். உபுந்து 21.04 இலிருந்து அதுவே வழக்கம். தளத்தை இணையப் பக்கங்களுக்கென்றே உள்ள கோப்புறைக்கு மாற்றினேன். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 கொடுத்தேன். பக்கம் திறந்தது.

மாணவியர் இரவல் பெற்ற நூல்களின் பட்டியலும் அதில் இருந்தது. அவசரத்தில் அதை எவரும் மாற்றும்படி விட்டிருந்தேனே என்பது பிறகுதான் உறுத்தியது. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் ஸலாம் சொல்லி அனுமதி கேட்கப் பழகியவர்கள் நாம். என்னை அழவைத்த 403 உம் அந்த ஒழுக்கத்தைத்தான் கேட்டது.