கங்கைக்கரை அயலவர்கள்

கொழும்பு மாநகரிலிருந்து ஒருகொடவத்தைச் சந்தியைத் தாண்டி, அவிசாவளைப் பழைய வீதியில் சற்றுத் தூரம் சென்றால் வெல்லம்பிட்டிய வந்துவிடும். வடக்கே களனி கங்கை. தெற்கே கொலன்னாவையின் எண்ணெய்த் தாங்கிகளும் சதுப்பு நிலங்களும். இடையில் ஒழுங்கைக்குள் ஒழுங்கையாக, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள்.

மாநகரின் நெரிசலில் இடம் போதாமல், மூன்று நான்கு பேர்ச்சஸ் காணியாவது சொந்தமாக வேண்டுமென்று வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்கள் இங்கு அதிகம். சிங்களவரும் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். சுபஹுத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் 'சூன் பாண்' முச்சக்கர வண்டியின் இசை கேட்கும். ஆண்கள் பஸ் ஏறிக் கொழும்புக்குத் தொழிலுக்குப் போய்விட்டால், பகலெல்லாம் ஊர் பெண்களின் கையில்தான். இடியப்பம் அவித்து விற்போர், தையல் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவோர், பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அனுப்ப அவசரப்படும் உம்மாமார் என்று ஒவ்வொரு வாசலிலும் ஓர் உழைப்பு தெரியும்.

இவ்வூரின் குணத்தை அறிய வேண்டுமானால் மழைக்காலத்தில் பார்க்க வேண்டும். மலைநாட்டில் பெய்த மழை ஹங்வெல்லையைக் கடந்து இறங்கி வரும்போது, வானொலியில் நாகலகம் வீதி நீர்மட்டம் எத்தனை அடியென்று எல்லா வீட்டிலும் காது கொடுப்பார்கள். காணி உறுதி, அடையாள அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் பொலித்தீன் பையில் மேல்மாடிக்கு ஏறிவிடும். மாடியில்லாதவர் மாடியுள்ள அயலவரிடம் போவார். அங்கே இனமும் மதமும் கேட்பாரில்லை.

1989 ஜூன் வெள்ளத்தை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2016 மே மாத வெள்ளத்தில் பள்ளிவாசல்களில் சமைத்த சோறு படகேறி எல்லா வீடுகளுக்கும் போனது. அது வெசாக் காலம். பன்சலைகளிலும் மக்கள் தங்கியிருந்தனர். சேறு கழுவி முடிப்பதற்குள் றமழான் பிறந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு கங்கை மீண்டும் வீடுகளுக்குள் வந்தது.

தண்ணீர் மட்டுமல்ல இவ்வூரின் சோதனை. கொழும்பின் குப்பையைச் சுமந்த மீதொட்டமுல்ல மேடு அருகில்தான் இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று அது சரிந்து வீடுகளைப் புதைத்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னரே அங்கு குப்பை கொட்டுவது நின்றது.

சகோதரிகளே, ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மழை நீரைத் தாங்கி வைப்பவை சதுப்பு நிலங்கள். அவற்றின் பெறுமதிக்காகவே 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. ஆனால் நாம் வீடு கட்டும்போது மண் நிரப்பி நிலத்தை உயர்த்துகிறோம். நம் வாசலில் நிற்க வேண்டிய தண்ணீர், உயர்த்த வசதியில்லாத பக்கத்து வீட்டுக்குள் போகிறது. கானை மூடிச் சுவர் எழுப்பினாலும் இதே கதைதான். வெள்ளத்தில் சோறு கொடுப்பது அயலவர் உரிமை என்றால், அவர் வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளாமலிருப்பது அதற்கு முந்திய உரிமை அல்லவா?

அடுத்த முறை மேஸன்பாஸ் அத்திவாரத்துக்கு அளவெடுக்கும்போது, மதிலுக்கு அப்பாலும் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.