நூற்றைம்பத்து மூன்று

யோவான் நற்செய்தியின் இருபத்தோராம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் ஓர் எண்ணில் நின்றுவிடும். திபேரியாக் கடலில் இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் அகப்படாத சீடர்கள், கரையில் நின்ற உயிர்த்த ஆண்டவரின் சொற்படி வலப்பக்கம் வலை வீசினார்கள். கிடைத்த பெரிய மீன்கள் 153. ஏறத்தாழ நூற்றைம்பது என்று எழுதியிருக்கலாமே. அந்த மூன்று எதற்கு?

புனித அகுஸ்தினார் ஒரு விளக்கம் தந்தார். ஒன்று முதல் பதினேழு வரையுள்ள எண்களைக் கூட்டினால் 153 வரும். பதினேழோ பத்துக் கட்டளைகளும் தூய ஆவியாரின் ஏழு கொடைகளும் சேர்ந்த தொகை. முதல் வரிசையில் ஒரு கூழாங்கல், அடுத்ததில் இரண்டு எனப் பதினேழு வரிசை அடுக்கினால் நேர்த்தியான முக்கோணம் அமையும்.

கணிதம் மேலும் ஒரு வியப்பைக் காட்டுகிறது. 1, 5, 3 என்னும் இலக்கங்களின் கனங்கள் 1, 125, 27. இவற்றைக் கூட்டினால் மீண்டும் 153! மூன்றால் வகுபடும் எந்த எண்ணை எடுத்து இவ்வாறே செய்துகொண்டு போனாலும் முடிவில் இதிலேதான் வந்து நிற்கும். திருத்தூதரின் தொகையாகிய பன்னிரண்டை எடுத்துப் பாருங்கள்: 12, 9, 729, 1080, 513, 153.

குருமட நாள்களில் இவற்றையெல்லாம் ஆவலோடு குறித்து வைத்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, பாஸ்கா காலத்து ஞாயிறு ஒன்றில் அவற்றை மறையுரையாக்கினேன். மக்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பூசை முடிந்ததும் முதிய மீனவர் ஒருவர் கோவில் வாசலில் காத்து நின்றார்.

"சாமி, கணக்கு நல்லாயிருந்தது. ஆனா மீனை எதுக்கு எண்ணினாங்கன்னு சொல்லலையே?"

"நீங்களே சொல்லுங்கள், ஐயா."

"பங்கு வைக்கத்தான். கடலுக்குப் போனது எத்தனை பேரு?"

"ஏழு பேர்."

"ஆளுக்கு ஒரு பங்கு. வள்ளத்துக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. ஒன்பது பங்கு. வகுத்துப் பாருங்க."

வகுத்தேன். பங்குக்குப் பதினேழு, மீதி இல்லை.

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. காய்ச்சலில் கிடந்த தொழிலாளி ஒருவருக்கு அந்த வாரம் பங்கு மறுக்கப்பட்டிருந்தது. அவர் மனைவி இருமுறை பங்கு இல்லத்துக்கு வந்தார். மறையுரை தயாரிப்பில் மூழ்கியிருந்த நான், "பிறகு வாம்மா" என்று இருமுறையும் அனுப்பிவிட்டேன். முதியவர் அதை ஒரு வார்த்தையாலும் குறிப்பிடாமல் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போனேன். வள்ளக்காரரோடு பேசி முடிக்க மூன்று நாளாயிற்று. அரைப் பங்குதான் கிடைத்தது.

அம்முதியவரின் கணக்கை மறைநூல் விளக்கமென்று நான் சாதிக்க மாட்டேன். கலிலேயாவின் வழக்கு வேறாக இருந்திருக்கலாம். அகுஸ்தினாரின் முக்கோணமும் எனக்கு இன்றுவரை இனிக்கத்தான் செய்கிறது. ஆயினும் மீனை எண்ணியவர்கள் வீட்டில் பசித்த பிள்ளைகளை உடையவர்கள் என்பதை அதன்பின் நான் மறந்ததில்லை. நம் மொழி மீனவரின் கூறுக்கும் பங்கு என்றே பெயர் சொல்கிறது. என்னிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களுக்கும் பங்கு என்றே பெயர் சொல்கிறது. பங்குத்தந்தை என்று எவரேனும் என்னை அழைக்கும்போது, அந்தப் பெண் வாசலில் நின்றது நினைவுக்கு வருகிறது.