ஜெட் கறுப்பு

ஆங்கிலத்தில் 'ஜெட் பிளாக்' என்று ஒரு சொல் உண்டு. அது வெறும் கறுப்பு அல்ல. இதற்கு மேல் கறுக்க முடியாது என்னும் அளவுக்குக் கறுப்பு. நாம் 'கன்னங்கரேல்' என்கிறோமே, அதுதான்.

"அக்கா, ஜெட் விமானம் வெள்ளையாத்தானே இருக்கு? பிறகேன் ஜெட் பிளாக் எண்டு சொல்லுறாங்கள்?" என்று தம்பி கேட்டான்.

நல்ல கேள்வி! ஆனால் இந்த ஜெட் வேறு, அந்த ஜெட் வேறு. பிரிட்டனின் முதல் ஜெட் விமானம் பறந்தது 1941இல். அதற்கு 500 ஆண்டுகளுக்கும் முன்பே சோசர் என்ற ஆங்கிலக் கவிஞர், ஒரு சேவலின் அலகு ஜெட் போலக் கறுப்பு என்று எழுதிவிட்டார். அந்த ஜெட் ஒரு கல்லின் பெயர். இன்றைய துருக்கியின் தென்கரையில் ககாய் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் பெயரையே கிரேக்கர்கள் கல்லுக்கும் வைத்தார்கள். அது லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய், தேய்ந்து தேய்ந்து 'ஜெட்' ஆகிவிட்டது.

கல் என்றேன். உண்மையில் அது மரம்! சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள், கடலடிச் சேற்றில் புதைந்து, அழுத்தப்பட்டு இப்படி ஆகின. இங்கிலாந்தின் விற்பி என்ற கடற்கரை ஊரில் கிடைக்கும் ஜெட் மிகவும் பெயர்பெற்றது. 1861இல் கணவர் இறந்த பிறகு விக்டோரியா மகாராணி ஜெட் நகைகளை அணிந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் துக்கத்துக்கு ஜெட் அணியத் தொடங்கினார்கள்.

கோடை விடுமுறையில் நாங்கள் விற்பிக்குப் போனோம். ஒரு கடையில் ஜெட் மணியை அம்மா கையில் வைத்துப் பார்த்தார். "பாரமே இல்லை, பிள்ளை! கல்லு மாதிரிக் குளிரவும் இல்லை" என்றார். கடைக்காரர் ஒரு ஜெட் துண்டை மெருகில்லாத பீங்கானில் தேய்த்துக் காட்டினார். அவ்வளவு கறுப்பான பொருள் மண்ணிறக் கோடு போட்டது! தம்பி இரண்டு தரம் தேய்க்கச் சொல்லிப் பார்த்தான். அம்மா எனக்கு ஒரு சோடி ஜெட் தோடு வாங்கித் தந்தார்.

எனக்கு நீண்டநாளாக ஒரு கோபம் உண்டு. பள்ளித் தோழிகள் என் தலைமுடியைப் பார்த்து, "ஜெட் பிளாக்! எவ்வளவு அழகு!" என்பார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், "ஐயோ, பிள்ளை கறுத்துப் போச்சு" என்பார்கள். காய்ச்சல்காரியிடம் பேசுவது போல் இருக்கும். முடியில் இருந்தால் அழகு, முகத்தில் இருந்தால் வருத்தமா? இது என்ன கணக்கு?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் மாமி என் தோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன கல்லு, பிள்ளை? நல்ல கறுப்பு. வடிவா இருக்கு."

"என்னை மாதிரி எண்டு சொல்லுங்கோ, மாமி" என்றேன்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.